நீ பழக்கி வச்ச வெளிச்சம்

பாப்பா, இத்த போன்லயே சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா நான் ஒண்ணு ஆரம்பிச்சா நீ நடுவுலயே "சரிமா, சரிமா, பாத்துக்கலாம்மா"ன்னு என் வாய அடைச்சுட்டு வச்சுடுவ. எழுதினா நீ குறுக்க பேச முடியாது பாரு, அதான் உக்காந்துட்டேன். உன் கல்யாணம் கிட்ட வந்துடுச்சு. உங்க நைனா காட்டுப்பள்ளி போர்ட்டுக்கு கன்டெய்னர் ஏத்திக்கினு போற வழியில எல்லாம் லாரிய ஓரங்கட்டி சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை குடுத்துக்கினு கீறாரு. ஊட்ல எங்க பாத்தாலும் மஞ்சப் பை. இந்த அமளில எழுத உக்காந்துக்கிறேன்னா விஷயம் கீதுன்னு புரிஞ்சுக்கோ. படிச்சுட்டு உன் ஹாஸ்டல் ரூம் பொண்ணுங்களுக்கும் படிச்சுக் காட்டு. அதுங்க அம்மாங்களுக்கும் சேர்த்துதான் எழுதறேன்.

நீ புது போன் வாங்குனப்போ பழசை எனக்குக் குடுத்த இல்ல, அங்கருந்துதான் எல்லாம். "போட்டோலாம் அப்படியே இருக்கட்டும்மா, போர் அடிச்சா பாரு"ன்னு சிம்ம மட்டும் உருவிக்கினு குடுத்த. பட்டன் போன் வச்சுக்கினு இருந்தவளுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்! சிப்காட்ல எங்க பாட்டில் மூடி கம்பெனில நாஷ்டா டைம்ல அத்த எடுத்து உன் போட்டோவக் காட்டாத ஆளு இல்ல. "போன் கம்பெனில வேல செய்யுது எம்பொண்ணு, அவளே செஞ்சது"ன்னு அடிச்சு உட்டுக்கினு இருந்தேன். நீ செஞ்ச போன் வேற, இந்த போன் வேறன்னு எனக்குத் தெரியாதா இன்னா? பெத்தவ கொஞ்சம் பீத்திக்கக் கூடாதா?

அப்பால ஆயுத பூஜை வந்துச்சு. உங்க நைனாவுக்கு அன்னிக்குக் கை நிக்காது, தெரியுமில்ல. லாரிக்கு வச்சாரு, ஸ்பேனருக்கு வச்சாரு, கிரைண்டருக்கு, என் தையல் மெஷினுக்கு, அரிவாமனைக்கு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். போன மட்டும் உடுவாரா? "இதுவும் நமக்கு ஒழைக்குது"ன்னு எடுத்து, லாரிக்கு வைக்கிற அதே கட்ட வெரலால சந்தனத்த அள்ளி, போனோட தல மாட்டுல நடுவாப்புல இழுவினாரு. "ஏன் அங்க? பின்னாடி வைக்கலாமில்ல?"ன்னேன். "முதுகுல யாராவது பொட்டு வைப்பாங்களா? நெத்தில தான் வைக்கணும்"ன்னாரு. அவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லன்னு தான் எனக்கும் தோணுச்சு. பூஜைப் பொட்டு, அழிக்கக் கூடாதுன்னு நானும் அப்படியே உட்டுட்டேன். தானா காய்ஞ்சு உதிர்ந்துச்சு. உதிர்ந்துச்சுன்னு தான் நெனச்சேன்.

மறுநாள்லருந்து புடிச்சுது பேஜாரு. பஸ் ஸ்டாப்புல வெயில்ல நின்னு போன எடுத்தா ஒரு எழுத்து தெரியல. முந்தானைய போட்டு மறைச்சுப் பாக்கறேன், கைய குவிச்சுப் பாக்கறேன், மங்கலா என் மூஞ்சி தான் தெரியுது. போன் கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல பாப்பா. என் கண்ணு போச்சுன்னு தான் நெனச்சேன். எங்க வேல இன்னான்னு உனக்குத் தெரியும். பெல்ட்டுல ஓடி வர்ற பாட்டில் மூடில ஓரம் உடைஞ்சது, நெளிஞ்சது எல்லாம் கண்ணால பாத்துப் பொறுக்கிப் போடணும். கண்ணு தான் எனக்குச் சோறு போடுது. உனக்கு வரன் பாத்துக்கினு கீற நேரத்துல இப்படி ஆவுதேன்னு யாருகிட்டயும் சொல்லாம பஜார்ல போயி கண்ணாடி போட்டேன். அந்தக் கண்ணாடில மூடி பளிச்சுன்னு தெரியுது, பேப்பர் தெரியுது, பக்கத்து ஊட்டு மாடில காயற வத்தல் தெரியுது. போன் மட்டும் தெரியல. அப்பவாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியல, இன்னும் பெரிய கண்ணாடி போடணும்னு நெனச்சுக்கினு இருந்தேன்.

தீபாவளிக்கு நீ வந்த. மூக்குல கண்ணாடிய பாத்துட்டு "இன்னாமா இது, டீச்சரு மாதிரி கீற"ன்னு சிரிச்ச. போன வாங்கி ஒரு பாட்டம் பாத்த. தலமாட்டுல நகத்தால சுரண்டின, மோந்து பாத்த. "யாருமா இதுக்குச் சந்தனம் பூசினது?"ன்னு நீ கேட்டதும் உங்க நைனா மெதுவா எழுந்து வாசப் பக்கம் போனாரு பாரு, இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. பஞ்ச நனைச்சு அந்தச் சந்தனத்த நீ தொடைச்சு, என்ன வாசல்ல வெயில்ல நிக்க வச்சு, "இப்ப பாரு"ன்ன. பளிச்சுன்னு எரிஞ்சுது. நான் கண்ணாடிய கழட்டிட்டு அழுதேன். நான் சிரிக்கறேன்னு நீ நெனச்ச.

அன்னிக்கு நீ சொல்லிக் குடுத்தது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் கீது. காதுல வச்சுப் பேசற சந்து பக்கத்துல ஊசி மொன மாதிரி ஒரு கண்ணு கீதாம். அதுக்கு ஆளு, மரம், மாடு ஒண்ணும் தெரியாதாம். எவ்ளோ வெளிச்சம் விழுதுன்றது மட்டும் தான் தெரியுமாம். வெயிலுக்குப் போனா அந்த வெளிச்சத்துல நம்ம வெளிச்சம் எடுபடாதுன்னு போன் தன்ன ஏத்திக்கும். இருட்டுக்கு வந்தா இம்மாம் வெளிச்சம் கண்ண குத்தும், சார்ஜும் வீண்னு தானா எறக்கிக்கும். நைனா பூசின சந்தனம் அந்தக் கண்ண அடைச்சுடுச்சு, அதனால உச்சி வெயில்லயும் அது இருட்டுல கீறோம்னு நெனச்சுக்கினு மங்கலா எரிஞ்சுக்கினு இருந்துச்சு. உன் லைன்ல நீ செய்யற வேலையே இதுதான்னு அன்னிக்குத் தான் எனக்குத் தெரியும். போன ஒரு கறுப்பு டப்பாக்குள்ள வச்சு மூடி, உள்ள லைட்ட கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அந்தக் கண்ணு முழிக்குதா இல்லயான்னு பாக்கறது. இத்தினி வருஷமா "போன் கம்பெனில வேல"ன்னு தான் சொல்லிக்கினு இருந்தேன், இன்னா வேலன்னு ஒரு நாள் கேட்டதில்ல. உன்ன நெனச்சு அவ்ளோ பெருமையா இருந்துச்சு.

அதுக்கப்புறம் நிச்சயம் நடந்துச்சு. திருவள்ளூர்ல மாப்ள ஊடு. ஒரு ஹாலு, ஒரு ரூமு. ரூமு மாப்ளையோட அண்ணனுக்கும் அவங்க பொஞ்சாதி புள்ளைக்கும். ஹால்ல சம்மந்தியும் சம்மந்தியம்மாவும். கல்யாணத்துக்கு அப்பால ஹால்லயே ஒரு ஓரமா பிளைவுட் தடுப்பு வச்சு உங்களுக்குக் குடுக்கறதா பேச்சு. சம்மந்தியம்மா கொஞ்சம் தயங்கி, "பொண்ணு ஷிஃப்ட்டு வேலக்கிப் போவுது, நேரங்கெட்ட நேரத்துல வரும் போவும், எடம் வேற சின்னது, எப்படியோ"ன்னு இழுத்தாங்க. நான் உடனே சொன்னேன்: "நீங்க அந்தக் கவலையே படாதீங்க சம்மந்தி. எம்பொண்ணு ஒரு ஊட்ல கீதுன்னா கீற எடமே தெரியாது." சபைல எல்லாரும் தலையாட்டினாங்க. பொண்ணப் பெத்தவ சொல்லக் கூடிய பெரிய வார்த்தை அதான்னு எனக்கு நெனப்பு. நீ பொடவ மடிப்ப சரி பண்ணிக்கினு தல குனிஞ்சுக்கினு இருந்த.

ஊட்டுக்கு வந்ததும் நீ கேட்ட. "மா, அவருக்கு காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல தான வேல. அங்கயே கிட்ட ஒரு சின்ன ஊடு பாத்துக்கறோம்மா. என் கம்பெனி பஸ்ஸும் அந்தப் பக்கம் வருது. அவருக்கும் இஷ்டம் தான். அவங்க ஊட்ல நீ ஒரு வார்த்த பேசேன்." எனக்கு வந்துச்சே கோவம்! "ஏன்டி, தாலி ஏர்றதுக்கு முன்னாடியே புள்ளைய பிரிச்சு இஸ்துக்கினு போறான்னு ஊரு பேசணுமா? கொஞ்ச நாளு அனுசரிச்சுப் போவ முடியாதா உன்னால? ஹாஸ்டல்ல அத்தினி பேரோட இருந்தவ தான?"ன்னு கத்துனேன். நீ "சரிமா"ன்ன. அவ்ளோதான். நான் ஜெயிச்சுட்டேன்னு போயி சோத்த வடிச்சேன்.

அப்பால ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம் இங்க கரண்டு போச்சு. ஊட்டுக்குள்ள ஒரே இருட்டு. கடைக்காரரு அனுப்பின பொடவ போட்டோவ பாக்கலாம்னு போன எடுத்தா, மறுபடியும் மங்கல். முன்ன மாதிரி இல்ல, அத்த விட மோசம், போன் எரியுதா அணைஞ்சுதான்னே தெரியல. வாசலுக்கு வந்தா நல்லா எரியுது, உள்ள வந்தா செத்துப் போவுது. பக்கத்து ஊட்டுப் பொண்ணு போன் அதே இருட்டுல ஜம்முனு எரியுது. மறுபடியும் யாரோ பொட்டு வச்சுட்டாங்களோன்னு தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன். உனக்கு போன் போட்டேன்.

நீ கேட்டுட்டு சிரிச்ச. "அது ஒண்ணும் இல்லமா. அது நான் பழக்கினது."

"போன பழக்கறதா? அது இன்னா நாயா?"

"மேலருந்து இஸ்தா ஒரு கோடு வருதில்ல, அத்த நாம கைல தள்ளி வெளிச்சத்த கம்மி பண்றப்போலாம் போன் கவனிச்சுக்கும்மா. இந்த மாதிரி இருட்டுல இவளுக்கு இவ்ளோ தான் வேணும்னு கத்துக்கும். அப்பால நாம தள்ளவே வேணாம், அதுவே கம்மியா தான் குடுக்கும். நான் அத்தினி வருஷமா ரூம்ல கம்மி பண்ணிக் கம்மி பண்ணி வச்சேன், அதான் உனக்கும் அப்படியே குடுக்குது. நீ நாலு வாட்டி மேல தள்ளு, உன் கணக்குக்கு மாறிடும்."

"நீ எதுக்குடி அவ்ளோ கம்மி பண்ண?"

"ரூம்ல யாராவது ஒருத்தி தூங்கிக்கினே இருப்பாம்மா. மூணு ஷிஃப்ட்டும் ஒரே ரூம்ல கீதே. லைட்டு போட்டா பாவம், எழுந்துக்குவாளுங்க."

"அப்ப நீ ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்தா?"

"போன் வெளிச்சத்துல தான் எல்லாம். ட்ரெஸ் மாத்தறது, சாப்பிடறது."

"சாப்பிடறதுமா?"

"ஆமாம்மா. ஒரு நாளு பீன்ஸ் பொரியல்னு நெனச்சு பச்ச மொளகாய முழுசா கடிச்சுட்டேன். ஐயோ, கண்ணுல தண்ணி ஊத்துது, கத்தவும் முடியாது, தண்ணி பாட்டில் எங்கன்னு தெரியல. போர்வைய வாய்ல வச்சுக்கினு அழுதேன்மா. சத்தமே வரல!"

அத்த சொல்லிட்டு நீ சிரிச்ச பாரு பாப்பா, நல்ல ஜோக்கு சொன்ன மாதிரி. நான் "சரி, வச்சுடறேன், அடுப்புல பால் வச்சுக்கிறேன்"ன்னு வச்சுட்டேன். அடுப்புல பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

அந்த இருட்டுலயே உக்காந்துக்கினு உன் போன பாத்துக்கினு இருந்தேன். தெனம் போன் போட்டுக் கேக்கறேனே, "சாப்டியா? தூங்குனியா?"ன்னு. நீயும் "ம், நல்லா கீறேன்மா"ன்ற. பொய்யும் இல்ல அது, சாப்பிடத் தான செஞ்ச. ஆனா எப்படிச் சாப்பிட்டன்னு எனக்குச் சொன்னது நீ இல்ல, இந்தப் போன். உனக்கு எவ்ளோ வெளிச்சம் போதும்னு அது கத்து வச்சுக்கினு கீது. பெத்தவளுக்கு அது தெரியல. அந்த ரூம்ல கீற பொண்ணுங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அதுங்களும் நீ தூங்கறப்போ இருட்டுல தான சாப்பிட்டிருக்கும், பாவம். எனக்குக் கோவம் வந்தது என் மேல தான். வருஷக் கணக்கா சத்தம் இல்லாம வாழ்ந்த புள்ளைய, இன்னொரு இருட்டு ஹால்ல தடுப்புக்குப் பின்னாடி கொண்டு போயி வைக்க, சபை நடுவுல நானே சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டு வந்துக்கிறேன். மாமனாரு தூங்குவாரு, கொழந்த தூங்கும், நீ செருப்பக் கைல புடிச்சுக்கினு உள்ள வருவ. நான் கேட்டா "நல்லா கீறேன்மா"ம்ப.

மறுநாளே கம்பெனிக்கு லீவு சொன்னேன். உங்க நைனா, "பத்திரிகை அடிச்சாச்சு, இப்ப போயி ஏதாவது பேசி காரியத்த கெடுத்துடாத"ன்னாரு. அவர் பயந்ததுல ஞாயம் கீது. ஒரு வார்த்தைல நின்னு போன கல்யாணம் எத்தினியோ கீது. ஆனாலும் கெளம்பிட்டேன். பெரியபாளையத்துல பஸ் மாறி திருவள்ளூர் போயி எறங்கற வரைக்கும் எப்படி ஆரம்பிக்கறதுன்னு மனசுக்குள்ள ஓட்டிக்கினே போனேன். போனதும் எல்லாம் மறந்து போச்சு. சம்மந்தியம்மா ஹால்ல உக்காந்து பேரப்புள்ளைக்கு ஊட்டிக்கினு இருந்தாங்க. வாங்கன்னாங்க, காபி போடப் போனாங்க. "காபி அப்பறம் சம்மந்தி. நிச்சயத்தன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன், அத்த வாபஸ் வாங்கிக்க வந்தேன்"னுட்டேன். அந்தம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு. கைல கிண்ணம் அப்படியே நிக்குது. "கல்யாணத்தையா?"ன்னாங்க.

"ஐயோ, அது இல்ல! எம்பொண்ணு கீற எடமே தெரியாதுன்னு சொன்னேன் பாருங்க, அத்த."

அவங்களுக்கு ஒண்ணும் புரியல. நான் உன் போன எடுத்துக் காட்டுனேன். பொட்டுலருந்து ஆரம்பிச்சு, போன் உன்னாண்ட கத்துக்கினது, பச்ச மொளகா, போர்வ, எல்லாத்தையும் கொட்டிட்டேன். "நான் பெருமைக்குச் சொல்லிட்டேன் சம்மந்தி. அவ கீற எடம் தெரியணும். வந்தா லைட்டு போடணும், பாத்திரம் உருட்டணும், சிரிச்சா தெருவுக்குக் கேக்கணும். இது சின்ன எடம், உங்கள குத்தம் சொல்லல. ஆனா இங்க இருந்தா அவ வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டா, எனக்குத் தெரியும். காக்களூர்ல ரெண்டு பேரும் ஒரு ஊடு பாத்துக்கட்டும். கூப்புட்ட குரலுக்கு வந்துடற தூரம் தான். நீங்க முடியாதுன்னா நான் சண்ட போடப் போறதில்ல. ஆனா கேக்காம என்னால இருக்க முடியல"ன்னேன்.

அந்தம்மா கொழந்த வாய தொடைச்சு உட்டாங்க. கிண்ணத்த கழுவி கவுத்தாங்க. போச்சுடா, காரியம் கெட்டுச்சுன்னு நான் பைய எடுத்துக்கினு எழுந்துட்டேன். அப்பத்தான் திரும்பி, "எங்கம்மாவும் என்ன இந்த ஊட்ல உட்டுட்டுப் போறப்போ அதையே தான் சொல்லிட்டுப் போச்சு"ன்னாங்க. "கீற எடமே தெரியாதுன்னு. அதுக்கு ஏத்த மாதிரி தான் நானும் இருந்தேன். எங்கம்மா திரும்பி வந்து மாத்திச் சொல்லவே இல்ல."

அவங்க முந்தானைல கண்ண தொடைச்சுக்கினாங்க, நானும் தொடைச்சுக்கினேன். அப்பால அவங்களே சொன்னாங்க, மாப்ளையும் ஏற்கனவே கேட்டாராம், ஆகாதுன்னு அடிச்சுப் பேசினது இவங்க தானாம், ஊருக்குப் பயந்துக்கினு. கொழந்தைய மூத்த மருமகளாண்ட குடுத்துட்டு, "வாங்க, காக்களூர்ல தெரிஞ்சவங்க ஊடு ஒண்ணு காலியா கீது, இப்பவே பாத்துட்டு வந்துடலாம்"ன்னு செருப்ப மாட்டிக்கினாங்க. ஷேர் ஆட்டோல போனோம். சின்ன ஊடு தான் பாப்பா. சமையக்கட்டுல ஜன்னல் கீது, தண்ணி உள்ளயே வருது. நான் பாத்ரூம் கதவு சரியா மூடுதான்னு பாத்துக்கினு இருந்தேன். உன் மாமியாரு ஒவ்வொரு எடமா போயி சுவிட்ச தட்டித் தட்டிப் பாத்தாங்க. சமையக்கட்டு பல்பு எரியல. ஊட்டுக்காரம்மாவாண்ட அங்கயே நின்னு ஒரு பிடி புடிச்சாங்க: "இத்த மொதல்ல மாத்துங்க. புள்ள வேல முடிஞ்சு வந்து இங்க தான் சாப்பிடும்."

ஊடு உங்களுக்குத் தான்னு சொல்லிட்டு வந்துட்டோம். மாப்ளைக்கு அவங்கம்மா சொல்லிப்பாங்க, உனக்கு நான் சொல்றேன். அங்க போயி நீ வழக்கம் போல பூன மாதிரி நடந்தன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். ஷிஃப்ட்டு முடிஞ்சு எந்நேரம் வந்தாலும் கதவத் தொறந்ததும் லைட்டப் போடு. தட்டுல இன்னா கீதுன்னு பாத்துச் சாப்பிடு. மாப்ள முழிச்சுக்கினா முழிச்சுக்கட்டும். நீ வந்துட்டன்னு அவருக்குத் தெரியட்டும்.